இறுக்கினால் விரிசல்: அக்ரிலிக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, துளை போட்ட இடத்தில் உடைந்த அக்ரிலிக் ஷீட்டை, அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைப் பற்றியவை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நடுவில் ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறேன்.

மிஷின் எதுவும் இல்லை. 3 எம்.எம். ஷீட்டை வீட்டிலேயே நேராக வெட்ட முடியுமா? (அம்மாபேட்டை)

முடியும். கொக்கி மூக்குள்ள அக்ரிலிக் கட்டர் ஒன்று வாங்குங்கள். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரே கோட்டில் எட்டுப் பத்து முறை இழுக்க வேண்டும். முதல் இரண்டு இழுப்பு மெதுவாக இருக்கட்டும், தடம் மாறுவது அப்போதுதான். கனத்தில் மூன்றில் ஒரு பங்கு பள்ளம் விழுந்ததும், பள்ளம் மேல்பக்கம் இருக்க, கோட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் கோட்டை விட்டு விலகிப் பிளக்கும். இந்த முறை ஓரத்திலிருந்து ஓரம் வரை போகும் நேர்வெட்டுக்கு மட்டும்தான். மூலை, வளைவு எல்லாம் ஜிக்சா என்கிற சின்ன மின் ரம்பத்துக்கோ லேசருக்கோ போக வேண்டியவை. ஷீட்டின் மேல் ஒட்டி வரும் கவர் பேப்பரை உரிக்காமல் வெட்டுங்கள்.

ஜிக்சாவில் வெட்ட வெட்ட, வெட்டிய இடம் பின்னாலேயே ஒட்டிக்கொள்கிறது. (ஓமலூர்)

சூடுதான் காரணம். நூறு டிகிரியைத் தாண்டினாலே அக்ரிலிக் இளகிவிடும். வேகத்தைக் குறையுங்கள், தேய்ந்த பிளேடைத் தூக்கி எறியுங்கள், நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். எக்ஸ்ட்ரூடட் (மிஷினில் பிதுக்கி எடுத்த) ஷீட் இப்படிப் பிசுபிசுக்கும், காஸ்ட் (அச்சில் ஊற்றி வார்த்த) ஷீட் தூளாக உதிரும். கடையில் எது என்று கேட்டு வாங்கினீர்களா? விலை குறைவு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் எக்ஸ்ட்ரூடடாக இருக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ஜிக்சாவைத் தொடாதீர்கள்.

ஏற்காட்டில் இருக்கிறோம். குளோரோஃபார்ம் விட்டு ஒட்டினால் இணைப்பு முழுக்க வெள்ளை பூத்துவிடுகிறது. சேலத்தில் அண்ணன் ஒட்டினால் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

அண்ணனின் கைராசி இல்லை, உங்கள் ஊர் மூடுபனிதான். குளோரோஃபார்ம் ஆவியாகும்போது ஷீட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்ததும் காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, வெண்மை தட்டுகிறது. வெயில் அடிக்கும் நாளில், நண்பகலில் ஒட்டுங்கள். குளிர்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் ஒட்ட வேண்டாம். அந்த ஆவி ஈரலுக்குக் கெடுதல். அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் எரிந்தால் அதிலிருந்து இன்னும் மோசமான நச்சுப் புகை வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று உங்கள் முகத்தை விட்டு விலகிப் போகும் பக்கம் உட்காருங்கள்.

வாசலுக்கு அக்ரிலிக் பெயர்ப்பலகை மாட்டினோம். நான்கு மூலையிலும் ஸ்க்ரூ. சித்திரையில் இரண்டு மூலை விரிசல் விட்டது. மட்டமான ஷீட்டா? (அஸ்தம்பட்டி)

ஷீட்டின் மேல் பழி போடாதீர்கள். பலகையின் நீளம் எழுதவில்லை, கனம் எழுதவில்லை, துளை எத்தனை எம்.எம். என்றும் எழுதவில்லை. ஆனாலும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். 5 எம்.எம். ஸ்க்ரூவுக்கு 5 எம்.எம். துளை போட்டு, திருகு இனி சுற்றாது என்கிற வரை முறுக்கியிருப்பார்கள்.

அக்ரிலிக் வெயிலில் நீளும். ஒரு மீட்டருக்கு, பத்து டிகிரி கூடினால் முக்கால் எம்.எம். நான்கடிப் பலகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழி விடியலில் இருபது டிகிரி. சித்திரை மதியத்தில் மேற்கு பார்த்த சுவரில் கறுப்பு ஷீட் என்றால் அறுபதைத் தொடும். மூன்று எம்.எம்.முக்கு மேல் நீள வேண்டும். நான்கு ஸ்க்ரூவும் அசையவிடாமல் பிடித்தால் அது எங்கே நீளும்? துளையின் ஓரத்தில் ட்ரில் விட்டுப்போன சின்னச் சிதறல் ஒன்று இருக்கும். இழுவை முழுதும் அங்கே போய்ச் சேர, விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

பலகை மாட்ட வருகிற ஆட்களிடம் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இறுக்கமா இருந்தாத்தான் சார் நிக்கும்" என்பார்கள். என் தம்பி கடைப் பலகையையும் அப்படித்தான் மாட்டிவிட்டுப் போனார்கள். முதல் கோடையிலேயே போனது. புதுப் பலகைக்கு நானே துளையைப் பெரிதாக்கி மாட்டினேன், இன்றும் நிற்கிறது.

செய்ய வேண்டியது இது. 5 எம்.எம். ஸ்க்ரூவுக்கு 8 எம்.எம். துளை. ஓரத்திலிருந்து துளைக்கு, துளை அகலத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி. தலை அகலமான ஸ்க்ரூ, அதன் அடியில் ரப்பர் வாஷர். கவுண்டர்சிங்க் ஸ்க்ரூ (தலையின் அடி கூம்பாகச் சரிந்தது) கூடவே கூடாது, அது ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிப் பிளக்கும். வாஷர் ஷீட்டைத் தொட்டதும் நிறுத்தி, கால் சுற்று பின்னால் விடுங்கள்.

துளை போடுவதிலும் அதே அவசரம்தான். இரும்புக்கான கூர் ட்ரில் பிட், அக்ரிலிக்கைக் கவ்வி உள்ளே இழுக்கும். மறுபக்கம் வெளியே வரும் நொடியில் ஒரு சில்லு பெயர்ந்துவிடும். பிட்டின் வெட்டு முனையைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்குங்கள், அப்போது வெட்டாமல் சுரண்டும். ஷீட்டுக்கு அடியில் மரப்பலகைத் துண்டு வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். வேகம் குறைவாக, கை பாரம் இல்லாமல். முக்கால் ஆழம் போனதும் இன்னும் மெதுவாக. கவர் பேப்பர் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பலகையைக் காப்பாற்ற முடியாது. விரிசலின் நுனியில் 3 எம்.எம். துளை ஒன்று போட்டால் மேலே ஓடாமல் கொஞ்ச நாள் நிற்கும். அதற்குள் புதிது செய்துகொள்ளுங்கள்.

அக்ரிலிக்கில் பூஜை அலமாரி செய்து உள்ளே விளக்கேற்றலாமா? (சூரமங்கலம்)

கூடாது. அக்ரிலிக் பற்றி எரியும், எரிந்துகொண்டே சொட்டும்.

வீட்டில் கொலுசுப் பட்டறை இருக்கிறது. அந்த பஃபிங் மோட்டாரிலேயே அக்ரிலிக் ஓரத்தைப் பாலிஷ் போடலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

மோட்டாரைப் பயன்படுத்தலாம், அந்த வீலை அல்ல. வெள்ளிக்கு ஓடிய வீலில் பாலிஷ் மருந்தும் உலோகத் துகளும் ஏறியிருக்கும், ஓரம் கறுத்துக் கீறிவிடும். தையல் தளர்ந்த புதுத் துணி வீல் ஒன்று அக்ரிலிக்குக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியை அழுத்துவது போல அழுத்தக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு விநாடி நின்றால் உருகிக் குழி விழும்.

ஆனால் பாலிஷ், வீலுக்கு வருமுன்பே பாதி முடிந்திருக்க வேண்டும். ரம்பத் தடத்தை ஸ்க்ரேப்பரால் சீவி, வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) 220, 400, 600, 1000 நம்பர் என்று தண்ணீர் தொட்டு ஏறுங்கள். முந்தைய நம்பரின் கீறல் மறைந்த பிறகே அடுத்தது. ஒட்டப்போகும் ஓரத்தைப் பளபளப்பாக்காதீர்கள், 400 போதும்.

லேசரில் வெட்டி வாங்கிய பெட்டியைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். ஓரமெல்லாம் மயிரிழை மாதிரிக் கோடுகள். (ஆத்தூர்)

தின்னரா! லேசர் சூட்டில் ஓரம் ஏற்கெனவே உள்ளுக்குள் முறுகி நிற்கும். தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டதும் அந்த முறுக்கு விரிசலாக வெளியே வரும். நெருப்பு காட்டிப் பாலிஷ் செய்த ஓரமும் இப்படியே. சோப்புத் தண்ணீர், மென்மையான பருத்தித் துணி, அவ்வளவுதான். வந்த கோடுகள் போகாது.

ஹீட் கன் வைத்து வளைத்தால் உள்ளே குமிழ் குமிழாக வருகிறது. (நாகலூர், ஏற்காடு)

மலையில் ஷீட் ஈரம் குடித்திருக்கும். சூடு ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழாகிறது. ஒரே இடத்தில் கன்னை நிறுத்தினாலும் இதே கதை. வளைக்க வேண்டிய சூடு 150, 160 டிகிரிதான். கன்னை ஆட்டிக்கொண்டே, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். பிரித்த ஷீட்டைச் சுவரோரம் சாய்த்து வைக்காமல் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் படுக்க வையுங்கள். இங்கே மட்டும், சூடு காட்டும் முன் கவர் பேப்பரை உரித்துவிட வேண்டும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மீன் தொட்டி. 4 எம்.எம். அக்ரிலிக் போதுமா? (கன்னங்குறிச்சி)

போதாது. நிரப்பினால் தண்ணீர் மட்டும் 190 கிலோ. 4 எம்.எம். வயிறு தள்ளி, இணைப்பில் பிரியும். முதல் தொட்டி என்றால் கடையில் கண்ணாடித் தொட்டியாகவே வாங்குங்கள்.