கேட்டருகே கையெழுத்துப் போடாதீர்கள்: கடலுக்குப் போகும் ஊர்ப்பாதை குறித்து

கேள்வி: கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் ஊர்ப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஆறு ஆண்டுகளாக அலைச்சறுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலுக்குப் போக இரண்டு மனைகளுக்கு நடுவே சுமார் பத்தடி அகலத்தில் ஒரு மணல் பாதை தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. தெற்குப் பக்கத்து மனையை வாங்கியவர் அங்கே விடுதி கட்டுகிறார். மூன்று மாதங்களுக்கு முன் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுக் காவலாளியையும் நிறுத்திவிட்டார். மீனவர்களுக்கு மட்டும் அடையாள அட்டை தருவாராம், போர்டு தூக்கி வருபவர்களுக்கு அனுமதி இல்லையாம். கடற்கரை எல்லோருக்கும் பொதுதானே? இரண்டு லட்சம் கொடுத்தால் எங்கள் சங்கத்தின் பெயரில் 'பாதைப் பட்டா' வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தரகரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் அவரிடம் முன்பணம் கொடுத்துவிடக்கூடும். 'பாதைப் பட்டா' என்று ஒன்று கிடையாது. அது பொதுப்பாதை என்றால் புறம்போக்கு, அதை எந்தச் சங்கத்தின் பெயருக்கும் பட்டா செய்ய முடியாது. அது தனியார் பட்டா நிலம் என்றால், உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் அதை உங்கள் பெயருக்கு மாற்ற வட்டாட்சியருக்கு அதிகாரம் இல்லை. பிறகு அவர் எதைக் கொண்டு வந்து தருவார் என்றால், பெரும்பாலும் ஒரு பி-மெமோவைத்தான். கடற்கரை ஊர்களில் பி-மெமோவைப் பட்டாவின் தம்பி போல நினைத்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் அதை வைத்து நிலமே கைமாறுகிறது. நீங்கள் அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறீர்கள் என்று அரசே உங்களுக்கு எழுதித் தந்து அதற்குத் தண்டம் வசூலிக்கும் காகிதம் அது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி உங்களை வெளியேற்றுவதற்கான முதல் படியும் அதுவே. இரண்டு லட்சம் கொடுத்து அதை வாங்குவதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறு இல்லை.

அடுத்து, கடற்கரை பொதுதானே என்ற கேள்வி. மணலும் பாதையும் வெவ்வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அலை ஏறி இறங்கும் பரப்பும் அதையொட்டிய கடற்கரைப் புறம்போக்கும் அரசின் கையில் இருந்தாலும், மக்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்க வேண்டிய சொத்தாகவே அரசு அவற்றை வைத்திருக்கிறது. இந்தக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் ஓர் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட விடுதியைப் பற்றியதுதான். ஆனால் மணல் பொது என்பதால் அதற்குப் போகும் வழியும் தானாகப் பொதுவாகிவிடாது. கடலுக்கு நூறு மீட்டர் அருகில் பட்டா நிலம் இருக்கலாம், அதற்கு வேலி போடும் உரிமையும் உரிமையாளருக்கு இருக்கலாம். உங்கள் சிக்கல் பாதையைப் பற்றியது, ஆகவே கடலைப் பற்றிய வீர வசனங்களை மனுவில் எழுதிப் பயனில்லை.

பாதை யாருடையது என்பதற்குக் காகிதம்தான் பேச வேண்டும். அரசின் இணையச் சேவையில் அந்தச் சர்வே எண்ணுக்குரிய 'அ' பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் எல்லை வரைபடம்) கிடைக்கும். பாதைக்குத் தனி உட்பிரிவு எண் இருந்து, பதிவேட்டில் 'அரசு புறம்போக்கு, பாதை' என்றிருந்தால் வேலை எளிது. மேலே சொன்ன 1905-ஆம் ஆண்டுச் சட்டமே இப்போது கேட் போட்டவர் மீது பாயும். அந்த மனை ஒரு காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவாக இருந்தால், அதன் வரைபடத்தில் உள்ள சாலைகள் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போயிருக்கும், அதையும் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டிலும் பாதையே காணவில்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதாவது எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்கிற திட்டம், 1980-களில் நடந்தபோது எத்தனையோ வண்டிப்பாதைகளும் வாய்க்கால் கரைகளும் பக்கத்துப் பட்டாவுக்குள் சத்தமில்லாமல் கரைந்து போயின. அதற்கு முந்தைய புலப்படமும் பதிவேடும் வட்டாட்சியர் அலுவலகத்துப் பதிவறையில் துணியில் கட்டிக் கிடக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் அவற்றின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 'ஆவணம் கிடைக்கப்பெறவில்லை' என்று ஒற்றை வரி வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள், ஏனென்றால் அந்த ஒற்றை வரியை நம்பித் திரும்பிப் போனவர்களின் பாதைகள்தான் இன்று கேட்டுகளுக்குள் இருக்கின்றன. சர்வதேச அலைச்சறுக்கு வீரர்களை வரவழைத்து 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டி நடத்த முடிந்த அரசால், அதே கரையில் ஒரு பத்தடிப் பாதையின் பழைய வரைபடத்தைத் தேடி எடுக்க முடியவில்லை என்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

இவற்றை எல்லாம்விட எளிதான சான்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் தேடுவதில்லை. ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும். தெற்கு மனையின் பழைய பத்திரங்களில் 'வடக்கில் கடலுக்குப் போகும் பாதை' என்றோ, வடக்கு மனையின் பத்திரத்தில் 'தெற்கில் பாதை' என்றோ ஒரு வரி இருந்தால், கேட் போட்டவர் தன் மனையின் பழைய பத்திரத்தாலேயே தோற்பார். வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்த்துப் பத்திர எண்களைக் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கடைசிப் பத்திரத்தை மட்டும் வாங்கினால் போதாது. மனை கைமாறும் சமயத்தில்தான் 'பாதை' என்ற சொல் பத்திரத்திலிருந்து உதிரும். ஆகவே கிடைக்கிற மிகப் பழைய பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

இனி அடையாள அட்டை. இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலவரப்படுத்திய செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு வழக்கில் நான் ஊர்க்காரர்கள் சார்பில் ஆஜரானேன். எங்கள் சாட்சி, மீன் விற்கும் ஓர் அம்மாள், நாற்பது ஆண்டுகளாக யாரையும் கேட்காமல் அந்த வழியில் நடந்ததாகத் தெளிவாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒன்றும் பேசாமல் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அது கேட்டருகே, ஒரு பால்பாயிண்ட் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருந்த வருகைப் பதிவேடு. 'வந்த நேரம்', 'நோக்கம்', 'அனுமதி அளித்தவர்' என்று மூன்று கட்டங்கள். அம்மாளின் இடதுகைப் பெருவிரல் ரேகை பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அனுமதி கேட்டு நடந்தவருக்கு அனுமதி மட்டும்தான் உண்டு, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கை மீட்க எங்களுக்குப் படாத பாடு பட வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் ஊரில் ஒருவர்கூட அந்த அட்டையை வாங்கக் கூடாது, பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வைக்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கியவர்கள், 'இது எங்கள் ஊர்ப்பாதை, இந்த அட்டையை நாங்கள் ஏற்கவில்லை' என்று எழுதிப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பட்டும். மீனவருக்கு அட்டை, போர்டு தூக்குபவருக்குத் தடை என்ற ஏற்பாட்டின் நோக்கமும் உங்களுக்குப் புரிந்திருக்கும்: அப்பாவை ஒரு பக்கமும் மகனை ஒரு பக்கமும் நிறுத்துவது.

காகிதத்தில் பாதை எங்குமே இல்லாமல், வெறும் நடையால் மட்டும் உரிமை கோர வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் குழு தவறு செய்ய வாய்ப்புள்ள இடம் இதுதான். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வீட்டுக்காரர் அல்லது நிலத்துக்காரர் இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாகவே பிறர் நிலத்தின் வழியே நடந்திருந்தால் அவருக்கு வழியுரிமை உண்டாகும். நிலம் அரசுடையது என்றால் முப்பது ஆண்டுகள். ஆனால் கடலுக்குப் போகும் பாதை ஒரு வீட்டுக்கானது அல்ல, ஊருக்கானது. இப்படிப்பட்ட ஊர் வழக்க உரிமையை அந்தச் சட்டம் தொடாமல் தனியே விட்டுவைத்திருக்கிறது. அது பழமையானது, தொடர்ச்சியானது, நியாயமானது, இன்ன பாதை இன்ன அகலம் என்று திட்டமானது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இங்கே வழக்கத்துக்குச் சொந்தக்காரர் ஊர்தான், உங்கள் பயிற்சி வகுப்பு அல்ல. ஆறு ஆண்டு வகுப்புக்கு எந்த வழக்கமும் உருவாகியிருக்க முடியாது. மனுவை வகுப்பின் பெயரில் கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு வேலையே இருக்காது: நகரத்திலிருந்து வேனில் வரும் வாடிக்கையாளர்களுக்காக ஒரு வணிகம் என் நிலத்தைக் கேட்கிறது என்று சொல்லிவிடுவார், அதில் பாதி உண்மையும் இருக்கும். மனு ஊர்ப் பஞ்சாயத்தார் பெயரிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலும் போகட்டும். சாட்சிகளில் முதலில் மீன் கூடை சுமந்த பெண்கள் வரட்டும், பிறகு படகு இழுத்தவர்கள், கடைசியில் நீங்கள். ஊர்ப்பிள்ளை தோளில் வலையோடு போகலாம், போர்டோடு போகக் கூடாது என்று யாராவது வாதிட்டால், கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தபோது வழக்கம் முடிந்துவிட்டதா என்று கேட்கலாம், அந்த வாதம் நிற்கும். வேன் உள்ளே வருவதற்கு அந்த வாதம் நிற்காது, ஆகவே பாதை திறந்த பிறகும் வேன் சாலையிலேயே நிற்கட்டும்.

விடுதி என்பதால் உங்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. கடலோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், 2011-இலும் சரி 2019-இலும் சரி, கடற்கரை விடுதிகளுக்கான நெறிமுறைகளின்படி வேலி மக்கள் கடற்கரைக்குப் போவதை எவ்வகையிலும் தடுக்கக் கூடாது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே பொதுமக்களுக்காகக் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். விடுதி அனுமதி பெற்றிருக்கிறதா, பெற்றிருந்தால் அதன் நிபந்தனைகள் என்ன என்பதை மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம் தகவல் சட்டத்தில் கேளுங்கள். அனுமதியை மீறியிருந்தால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம், ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள்கள் கிடைக்கும். கேட் போட்டு மூன்று மாதங்கள் ஏற்கெனவே போய்விட்டன. இந்த அறிவிக்கையை அமல்படுத்த உதவும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்றும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். பதிலைவிட, கேள்வியைப் பார்த்ததும் அலுவலகத்தில் ஏற்படும் பரபரப்பு பயன் தரும்.

உடனடி வழி கோட்டாட்சியர்தான். பொதுவழியில் உள்ள தடையை அகற்ற அவர் உத்தரவிடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த, வாயில் நுழையாத பெயர் கொண்ட புதிய சன்ஹிதாவின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152-ஆம் பிரிவு. ஆனால் எதிர்த்தரப்பு பொதுவழியே அல்ல என்று மறுத்து அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் காட்டினால், உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று கோட்டாட்சியர் நிறுத்திவிடுவார். பத்திரங்களின் நான்கெல்லையைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வழியுரிமையைப் பொறுத்தவரை, தடை என்று தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தால் தடைக்கு உடன்பட்டதாகிவிடும், ஆகவே எழுத்துப்பூர்வமான எதிர்ப்பு ஒன்று இன்றே போய்ச் சேரட்டும். அடுத்த கிராம சபையில் சர்வே எண், பாதையின் அகலம், கேட் போட்ட நாள் ஆகிய மூன்றை மட்டும் எழுதித் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

எதிர்த்தரப்பு 'பக்கத்தில் வேறு வழி இருக்கிறதே, ஒரு கிலோமீட்டர் மணலில் நடக்கலாமே' என்று சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறி வந்து சுவர்களை முட்டும் நாளில் அங்கே நடக்க மணலே இருக்காது. தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ஆத்திரத்தில் கேட்டை மட்டும் உடைக்காதீர்கள். போட்டிக்காக வெளிநாடு போக வேண்டிய பையனின் பாஸ்போர்ட்டை நிலுவையில் உள்ள ஒரு குற்ற வழக்கு எத்தனை நாள் இழுக்கும் என்பது காவல் நிலையத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். அதே போல, போர்டுகளை வைக்க நீங்கள் மணல்மேல் போட்டிருக்கும் கொட்டகை ஏதாவது இருந்தால், மனு கொடுக்கும் முன் அதை நீங்களே எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு கேட்கும் முதல் தகவல் அந்தக் கொட்டகையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

தெற்கு மனையின் பழைய பத்திர நகல் கைக்கு வந்ததும் வடக்கெல்லை வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள். கோட்டாட்சியரிடம் போவதா, நேராக நீதிமன்றத்துக்குப் போவதா என்பதை அந்த வரியைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.