காட்டுப்பன்றி, வேலி, கறி: மலை வாசகர்களுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

உருளைக்கிழங்கு போட்ட பாத்தியை ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் புரட்டிப் போட்டுவிட்டது. காட்டுப்பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் நாமே சுடலாமா டாக்டர்? (பூம்பாறை)

சுடக்கூடாது. ஊரில் சொல்வது பாதிதான் உண்மை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுடவே முடியாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டினால்தான் துப்பாக்கிக்கு இடம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களின் கையில். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் காட்டை விட்டு 3 கி.மீ. தள்ளி எத்தனை வயல் இருக்கிறது? சமவெளி விவசாயிக்குக் கிடைக்கும் உதவி இந்த ஏற்பாட்டில் மலை விவசாயிக்குக் கிடைக்காது. இது எனக்கும் வருத்தம்தான்.

ஆனாலும் துப்பாக்கியைத் தொட வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைக் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கொடைக்கானல் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013-இல் சரணாலயம் ஆகிவிட்டதால், அதற்குள் நடந்தால் தண்டனை இன்னும் கடுமை.

செய்ய வேண்டியது இது: விடிந்ததும், மழை பெய்து கால்தடம் கரைவதற்குள், புரண்ட பாத்தியையும் குளம்புத் தடத்தையும் படம் எடுத்துவிடுங்கள். பாத்தியைச் சரிசெய்வது அப்புறம். சிட்டா, அடங்கலுடன் வனச்சரகர் அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து மனு கொடுத்தால் பேச்சுக்கு எடை கூடும்.

சோலார் வேலி போட்டும் கேரட் தோட்டத்துக்குள் வருகிறது. ஈ.பி. லைனைக் கொடுத்தால்தான் அடங்கும் என்கிறார்கள். (கோத்தகிரி)

தயவுசெய்து அந்த யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் விட்டால் முதலில் சாகப்போவது பன்றியாக இருக்காது. விடியற்காலையில் தண்ணீர் திருப்பப் போகிற உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கலாம். யானைகளும் இப்படித்தான் செத்துக்கொண்டிருக்கின்றன. அது நேரடிக் குற்றமும்கூட.

சோலார் வேலி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பியின் உயரம்தான். மாட்டுக்கும் யானைக்கும் கட்டிய கணக்கில் கட்டினால் பன்றி அடியில் நுழைந்துவிடும். அது மூக்கைத் தரையோடு வைத்து நடக்கிற பிராணி. கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் சாணுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. ஷாக் ஈரமான மூக்கில் பட்டால்தான் திரும்பும். முதுகில் பட்டால் முடியும் தடித்த தோலும் தாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அடுத்தது புல். மூடுபனியில் நனைந்த புல் கீழ்க்கம்பியைத் தொட்டாலே மின்சாரம் தரைக்கு இறங்கி, வேலி வெறும் கம்பியாகிவிடும். கம்பிக்கு அடியில் புல்லை விடாமல் செதுக்குங்கள். 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி வேலியைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலியில் பழைய சேலை கட்டுவது, ஓரத்தில் ஆமணக்கு நடுவது எல்லாம் கொஞ்ச நாள் பலன் தரும். பன்றி பழகிவிடும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காட்டுப்பன்றிக் கறி பாதி விலைக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உடம்புக்கு நல்லது என்கிறார்கள். வாங்கலாமா? நாங்கள் நாலு வெண்பன்றி வளர்க்கிறோம். (கூடலூர்)

வாங்காதீர்கள். நாலு பன்றி வளர்ப்பவர் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

2023 ஜனவரியில் உங்களுக்குப் பக்கத்திலேயே, முதுமலையில், காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து செத்துக் கிடந்தன. சோதனையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் சிகிச்சை கிடையாது. கடும் காய்ச்சல், காதும் வயிறும் செவந்து ஊதா நிறமாகும், சில நாளில் கொட்டிலே காலி. உறைந்த கறியில் இந்தக் கிருமி வருடக்கணக்கில் கிடக்கும். உப்புப் போட்டுக் காயவைத்தாலும் மாதக்கணக்கில் சாகாது. நீங்கள் கறி கழுவிய தண்ணீரும் எலும்பும் குழுதாணிக்குப் போனால் போதும். ஹோட்டல் மிச்சம் போடுகிறவர்களும் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே போட வேண்டும்.

அந்தப் பன்றி எப்படிச் செத்தது என்பது விற்பவர் வாயிலிருந்து வராது. நோயில் விழுந்ததா, விஷம் வைத்ததா, பைக் கிளட்ச் வயர் சுருக்கில் மாட்டி ராத்திரி முழுக்கத் துடித்ததா, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) கடித்ததா? அந்தச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டுகிறது. அந்த அவுட்டுக்காயை யானைக் கன்று கடித்தால் தாடை சிதைந்து, தின்ன முடியாமல், பட்டினி கிடந்தே சாகிறது. நீங்கள் கொடுக்கிற காசு அடுத்த சுருக்குக்குத்தான் போகும். செத்துக்கிடந்த காட்டுப்பன்றிகூடச் சட்டப்படி அரசின் சொத்து. கறி வீட்டில் இருந்தாலே வழக்கு வரும். உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸில் வேலை. அங்கே நண்பர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறானாம். கறியை எப்படிப் பக்குவமாக வைப்பது என்று என்னிடம் கேட்கிறான். (குன்னூர்)

அங்கே நிலைமை வேறு அம்மா. வெளியிலிருந்து போன பன்றி பெருகிப் பயிரை அழிப்பதால், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம் என்று 2019-இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் பன்றியின் நோய் எந்த ஊரிலும் நோய்தான்.

முதலில் கையுறை. அங்குள்ள காட்டுப்பன்றிகளில் புருசெல்லா கிருமி உண்டு. விரலில் சின்னக் கீறல் இருந்தாலும், கண்ணில் ரத்தம் தெறித்தாலும் உள்ளே போய்விடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். காய்ச்சல் வந்தால் பன்றி அறுத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. கறி கெடுவது பெரும்பாலும் சுட்ட முதல் சில மணி நேரத்தில்தான். பன்றியின் தோலும் கொழுப்பும் கம்பளி போர்த்தியது போல உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், டெக்ஸாஸ் வெயிலும் சேர்ந்துகொள்ளும். தாமதிக்காமல் குடலை எடுத்துவிட வேண்டும். கத்திமுனை குடலிலோ மூத்திரப் பையிலோ படக்கூடாது. பட்டுவிட்டால் கழுவிப் பரப்பாமல் அந்த இடத்துக் கறியை வெட்டி எறிவதே சரி. பிறகு தோலை உரித்து, தொடை, தோள் என்று பிரித்து ஐஸ் பெட்டியில் வைக்கலாம். உருகிய தண்ணீர் அடியில் வடிந்துபோகிற மாதிரி பெட்டி இருக்கட்டும், கறி அந்தத் தண்ணீரில் ஊறக்கூடாது. 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே வைத்து, மூன்று நான்கு நாளில் சமைக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரீசர்.

ஃபிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று அவன் நினைத்தால் அது தவறு. புருசெல்லா சாகாது, காட்டுப்பிராணிகளின் தசையில் இருக்கும் டிரிக்கினெல்லா புழுவும் எல்லா வகையும் சாகாது. துண்டின் நடுவில் 71 டிகிரி வரும்வரை வேகவேண்டும், அதற்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளட்டும். குடலைப் பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது, அங்கே பன்றியிலிருந்து நாய்க்கு வந்து கொன்றுவிடுகிற ஒரு வைரஸ் இருக்கிறது. ஊருக்கு வரும்போது அந்தக் கறியைப் பெட்டியில் கொண்டுவரவும் வேண்டாம்.

கடையில் வாங்கிய பன்றிக்கறியில் வெள்ளையாக அரிசி மாதிரி இருந்தது. கொழுப்பா, புழுவா? (பண்ணைக்காடு)

நகத்தால் நசுக்கிப் பாருங்கள். கொழுப்பு வழுக்கும். நாடாப்புழுவின் கூடு என்றால் தண்ணீர் நிறைந்த சின்னப் பை, பிதுக்கினால் உள்ளிருந்து வெள்ளைப் புள்ளி ஒன்று வெளியே வரும். நாக்கு, தோள், தொடைச் சதையில் அதிகம் தெரியும். அப்படி இருந்தால் மொத்தக் கறியையும் ஆழப் புதைத்துவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்றால் வயிற்றில் நாடாப்புழு வளரும். வலிப்பு உண்டாக்கும் மூளைக்கட்டி வருவது வேறு வழியில்: புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை கைக்கும் பச்சைக் காய்கறிக்கும் வந்து, அதை விழுங்குவதால். பன்றிக்கறியே தொடாத வீட்டிலும் அந்த வலிப்பு வருவது அதனால்தான். பன்றியைத் தெருவில் மேயவிடாமல் கொட்டிலில் கட்டி வளர்த்தால், எல்லோரும் கழிப்பறையையே பயன்படுத்தினால், இந்தப் புழுவுக்குச் சுற்றிவர வழியே இருக்காது.

எவ்வளவு மசாலா போட்டாலும் கறியில் மூத்திர வாடை போகவில்லை. (தாண்டிக்குடி)

காயடிக்காத கிடாப்பன்றியாக இருக்கும். அந்த வாடை கொழுப்பிலேயே ஊறியிருப்பதால் வினிகரோ மசாலாவோ எடுக்காது. கொழுப்பை நன்றாகச் சீவிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். அடுத்த முறை வாங்கும்போது, குட்டியிலேயே காயடித்ததா அல்லது பெட்டைப் பன்றியா என்று கேட்டு வாங்குங்கள்.