வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: உப்பு ஜாடியும் பூண்டுப் பல்லும்

கேள்வி: என் கணவருக்கு வயது 58. சென்ற ஆண்டு ரத்த அழுத்தம் 160/100 இருந்ததால், தினமும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சாப்பிடும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு 130/80 அளவிலேயே நின்றது. இரண்டு வாரங்களுக்கு முன்பு எங்கள் உறவினர் ஒருவர், “மாத்திரையைத் தொட்டுவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாது, வெறும் வயிற்றில் நான்கு பல் பூண்டைச் சாப்பிடுங்கள், போதும்” என்று சொல்ல, இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் அளந்தபோது 132/82 காட்டியது. பூண்டு வேலை செய்கிறது என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. உணவாலேயே இதைச் சரிசெய்துவிட முடியுமா?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. அம்லோடிபின் உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே மூன்றாம் நாள் நீங்கள் பார்த்த 132/82 என்பது பூண்டு தந்த பலன் அன்று, அதற்கு முன்பு விழுங்கிய மாத்திரைகள் விட்டுச் சென்ற மிச்சம். மாத்திரையை நிறுத்திய பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்; முதல் சில நாட்களில் அளந்து பார்த்துத் திருப்தி அடைந்து, அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கும் இரண்டாவது வாரத்தில் அளப்பதையே விட்டுவிடுகிறார்கள். தலைவலியோ மயக்கமோ வந்தால் தெரிந்துவிடும் என்று காத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாமலேயே இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் ரத்தக் குழாய்களையும் கெடுத்துக்கொண்டிருக்கும். இன்றே அவருக்கு அளந்து பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும், மாத்திரை எழுதிய மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

“ஆயுசுக்கும் விட முடியாது” என்ற பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்கலாகத் தெரிவது கண்ணாடி செய்த குற்றம் அன்று. அதுபோல, மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதற்குக் காரணம் மாத்திரை பழகிப்போனது அன்று, நோய் அங்கேயே இருப்பதுதான். உப்பும் உடல் எடையும் குறைந்து அழுத்தம் மாதக்கணக்கில் நன்றாக நின்றால், மருத்துவரே அளவைக் குறைத்துப் பார்ப்பது உண்டு. அதை நாமாகச் செய்யக் கூடாது. அதிலும் அட்டெனொலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துடிப்பு தாறுமாறாக ஏறி, நெஞ்சுவலி வரைக்கும் கொண்டுபோய்விடும்.

பூண்டை நான் குறை சொல்லவில்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த சில ஆய்வுகளில் பூண்டு அழுத்தத்தை ஓரளவு குறைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது அளவிட்டுத் தயாரித்த பூண்டு மாத்திரைகளே தவிர, நாம் உரித்துக் கடிக்கும் பல் அன்று. குழம்பிலும் ரசத்திலும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் மட்டும் பச்சைப் பூண்டை மருந்துபோல அளவுக்கு மீறித் தின்ன வேண்டாம். ரத்தக்கசிவுக்கு இடம் உண்டு.

உணவால் முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, நிறையவே முடியும் என்பது என் பதில். ஆனால் எல்லோரும் எதைப் புதிதாகச் சேர்க்கலாம் என்றே கேட்கிறார்கள், எதை எடுக்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. என்னிடம் வரும் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, மாதம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறீர்கள் என்பதைத்தான். “நாங்கள் உப்பே குறைவாகத்தான் போடுவோம்” என்று சொன்ன ஓர் அம்மா, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ பாக்கெட் ஒன்று என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஆயிரம் கிராமை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்குச் சற்று மேலே வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. வடித்த கஞ்சியோடும் மீன் கழுவிய தண்ணீரோடும் போவதைக் கழித்தாலும், ஜாடிக்குள் வராத அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், கடை முறுக்கு, ஓட்டல் சாம்பார் ஆகியவற்றைக் கூட்டினால் கணக்கு மறுபடியும் ஏறிவிடும். அந்த அம்மா சற்று நேரம் பேசவே இல்லை.

எனவே உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை ஜாடியின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டி எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 5 கிராம் கணக்குப்படி மாதம் 600 கிராம்தான் ஆகிறது. வெளியே தின்பதையும் நினைவில் வைத்து, அரைக்கிலோ ஒரு மாதம் வரும்படி பார்த்துக்கொண்டால் நல்லது. சாதம் வேகும்போது உப்புப் போடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், ஏனென்றால் குழம்பில் இருக்கும் உப்பே அதற்குப் போதும். மோரிலும் தயிர்சாதத்திலும் உப்பைப் பாதியாக்கிவிட்டு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் கொண்டு ஈடுகட்டுங்கள். இலையின் ஓரத்தில் வைக்கும் உப்பையும் மேசை மேல் இருக்கும் உப்புக் கிண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதிலும் சோடியமே இருக்கிறது. முதல் பத்து நாள் சப்பென்றுதான் இருக்கும், உங்கள் கணவர் முகத்தைச் சுளிக்கவும் கூடும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு பழைய அளவில் போட்ட குழம்பை அவரே “உப்புக் கரிக்கிறது” என்று தள்ளி வைப்பார்.

சேர்க்க வேண்டியவையும் உண்டு. அமெரிக்காவில் 459 பேரிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட ‘டாஷ்’ என்னும் உணவுமுறை ஆய்வில், காய், பழம், பருப்பு வகை, கொழுப்பு நீக்கிய பால்பொருள் ஆகியவற்றைக் கூட்டி, கொழுப்பையும் இனிப்பையும் குறைத்துக் கொடுத்தபோது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளிகள் குறைந்தது. ஒரு மாத்திரை செய்யக்கூடிய வேலை இது. நம் சமையலில் இதற்கென்று புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தினமும் ஒரு கீரை, சோற்றில் கொஞ்சம் குறைத்துக் கூட்டுப் பொரியலில் கூட்டுதல், மாலையில் மிக்சருக்குப் பதில் உப்புக் குறைத்த சுண்டல், ஒரு கொய்யா அல்லது வாழைப்பழம், ஆடை நீக்கிய மோர் ஆகியவையே போதுமானவை. எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும். மது அருந்தும் பழக்கம் இருந்தால், அதை விடாமல் பூண்டைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

கேள்வி: சாதாரண உப்புக்குப் பதிலாக இந்துப்புக்கு மாறிவிட்டோம். அது இயற்கையானது, ரத்த அழுத்தத்தை ஏற்றாது என்று கடையில் சொன்னார்கள். சரியா? சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அது என்ன?
— வாசகர், மன்னார்குடி

பதில்: இந்துப்பு என்பது நிலத்தடியிலிருந்து வெட்டி எடுக்கும் உப்பு; அதில் மிகப் பெரும்பகுதி நாம் அறிந்த அதே சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறத்தைத் தரும் மற்ற கனிமங்கள் மிகச் சொற்பம். கடல் உப்போ, கல் உப்போ, இந்துப்போ, ரத்தக் குழாய்க்கு வேறுபாடு தெரியாது. கேடு எங்கே வருகிறது என்றால், நல்ல உப்பு என்ற நம்பிக்கையில் ஒரு சிட்டிகை கூடுதலாகவே போட்டுவிடுகிறோம். பெரும்பாலான இந்துப்பில் அயோடினும் சேர்ப்பதில்லை.

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டது வேறு பொருள். அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். வட சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்து ஆண்டுகள் வரை இதைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கால் பங்கு சோடியம் உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்த அந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இத்தகைய உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. இந்த உப்பை வாங்கும் முன் ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவுப்பொருள்), பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறேன். கிரியாட்டினின் 2.1 என்று வந்திருக்கிறது. பொட்டாசியம் நல்லது என்பதால் தினமும் இரண்டு இளநீர் குடிக்கிறேன். தொடரலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: தொடர வேண்டாம். மற்றவர்களுக்கு நன்மை செய்யும் அதே பொட்டாசியம், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கும். டெல்மிசார்ட்டனும் அதை இன்னும் கொஞ்சம் தேக்கி வைக்கும் மருந்துதான். அளவு மிகவும் கூடினால் இதயத்துடிப்பு தடுமாறும், முன்னறிவிப்பு இல்லாமலேயே. உங்கள் மருத்துவரிடம் இளநீரைப் பற்றிச் சொல்லி, பொட்டாசியம் அளவை உடனே பரிசோதியுங்கள். நான் மேலே கூறிய கீரை, பழ அளவுகளும் உங்களுக்குப் பொருந்தா. டெல்மிசார்ட்டனை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்கிறார்கள். செம்பருத்திப்பூ தேநீரும் குடிக்கலாம் என்கிறார்கள். மூலிகை என்பதால் பக்கவிளைவு இருக்காது அல்லவா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: சர்ப்பகந்தாவுக்கு மருத்துவ வரலாற்றில் பெருமை உண்டு. கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் 1931-இலேயே அதைப் பற்றி எழுதினார்கள். பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை 1949-இல் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்தைக் குறைக்கப் பரவலாகப் பயன்பட்ட முதல் மருந்துகளில் அதுவும் ஒன்று. பிறகு அது பின்தங்கியதற்குக் காரணம், மூக்கடைப்பு, துடிப்பு குறைதல், எல்லாவற்றுக்கும் மேலாக மனச்சோர்வு ஆகிய பக்கவிளைவுகள். வேருக்குள் இருப்பதும் அதே பொருள்தான். ஒரு கைப்பிடி வேரில் அது எவ்வளவு இருக்கிறது என்று பொடி இடிப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்துக் குடித்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். சித்த மருத்துவம் உங்கள் விருப்பம் என்றால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் உங்கள் மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஆலோசனை பெறுங்கள்.

செம்பருத்தி விஷயத்தில் ஒரு பெயர்க்குழப்பம் இருக்கிறது. ஆய்வுகளில் அழுத்தத்தை ஓரளவு குறைத்தது, புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காயைச் சுற்றியுள்ள சிவந்த புளிப்பான இதழ்களைக் காய்ச்சிய தேநீர். நம் வாசலில் பூக்கும் செம்பருத்தி அதன் உறவுதான் என்றாலும் அதுவே அன்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருமலுக்கு என்று பல வீடுகளில் நாட்கணக்கில் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம், உடலில் சோடியத்தைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அதுவும் மூலிகைதான். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளும் சோடியத்தைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் காரணமில்லாமல் ஏறினால் இவ்விரண்டையும் முதலில் சந்தேகியுங்கள்.

கேள்வி: வீட்டில் கருவி வாங்கினேன். ஒருமுறை 150, அடுத்த நிமிடம் 138 காட்டுகிறது. எதை நம்புவது?
— வாசகர், ஆவடி

பதில்: கருவி பெரும்பாலும் சரியாகவே இருக்கும், நாம் அளக்கும் முறையில்தான் தவறு. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக்கை மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை மேசை மேல் இதயத்தின் உயரத்தில் வையுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து சராசரியை எழுதுங்கள். காலையும் மாலையுமாக ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதி நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளக்கும்போது அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று பொருள். அந்தத் தாளை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், கருவியையும் பையில் போட்டுக்கொண்டு போனால் அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.