வெட்டுப்புள்ளி என்றால் என்ன? அப்பப்பா காலத்தைவிட இன்று பல்கலைக்கழகப் போட்டி ஏன் கூடியது?

ஒரு பாடநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து தெரிவான கடைசி மாணவரின் உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி, அதாவது சராசரியிலிருந்து அவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்னும் அளவு, வெட்டுப்புள்ளி எனப்படும். 1942இல் இலங்கையில் ஒரே பல்கலைக்கழகம்தான் இருந்தது. அதன் வாசல்வரை வந்தவர்களும் சிலரே. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும் பின்னர் தாய்மொழிவழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளை உயர்தரம்வரை கொண்டுவந்தபோது, இடங்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. மூதூர்ப் படகில் இருக்கைகள் அவ்வளவாகக் கூடாதிருக்க, திருகோணமலை இறங்குதுறையில் பயணிகள் குவிவதைப் போன்றது இது. 1970களில் பரீட்சைப் புள்ளிகளை மொழிவாரியாகச் சரிசெய்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் (தமிழரிடையே இன்னும் ஆறாத காயம் அது) இருக்கைகளைப் பங்கிடும் முறையைத்தான் மாற்றின. ஆயினும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான சிறப்பு ஒதுக்கீட்டில் இன்று திருகோணமலையும் அடங்கும். வெட்டுப்புள்ளியைச் சித்திப் புள்ளி என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்குக் கீழே நிற்பவரும் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தவராக இருக்கலாம்.