மூச்சு, அசைவு, தியானம்: எதில் தொடங்குவது? (கேள்வி பதில்)

சென்னையில் யோகா சொல்லித் தருகிறேன். உடம்பு வளைய வேண்டும் என்று வருபவர்களைவிடப் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் என்று வருபவர்களே என் வகுப்பில் அதிகம். நான் மருத்துவர் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தியானம் செய்ய உட்கார்ந்தால் மனசு இன்னும் வேகமாக ஓடுகிறது, அக்கா. கண்ணை மூடினாலே நாளைக்கு முடிக்க வேண்டிய வேலைதான் வருகிறது. எனக்குத் தியானம் சரிவராதோ? (மதுரை, வங்கி ஊழியர்)

சரிவரும். ஆனால் மேல் படியில் நேராகப் போய் ஏறி நிற்கிறீர்கள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் நான்காவது. தியானம் ஏழாவது இடத்தில்தான் வருகிறது. மனம் சிதறும்போது கூடவே வருபவை என்று அவர் நான்கைச் சொல்கிறார்: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், தாறுமாறான மூச்சு. இதில் பின்னால் உள்ள இரண்டும் நம் கைக்கு எட்டுபவை. மனதைப் பிடித்து நிறுத்த முடியாது, கையைத் தூக்கி இறக்க முடியும் இல்லையா?

முதலில் நில்லுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை முன்பக்கமாக மேலே தூக்குங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு முறை. மூச்சு தொடங்கிய பிறகு கை கிளம்ப வேண்டும், மூச்சு முடிவதற்குள் கை நின்றுவிட வேண்டும். சென்னையில் பல பத்தாண்டுகள் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்தவர்கள் இதை மிகவும் வலியுறுத்துவார்கள். சின்ன விஷயம்போலத் தெரியும். செய்து பாருங்கள், இரண்டாவது முறையே கை முந்திக்கொள்ளும். அதைக் கவனிப்பதில்தான் மனம் வேலையை மறக்கிறது.

அப்புறம் கையையும் முட்டியையும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னே கொண்டுவாருங்கள், விடும்போது இடுப்பைக் குதிகாலை நோக்கிப் பின்னே தள்ளுங்கள். இதுவும் ஆறு முறை. பிறகு மல்லாந்து படுத்து, மூச்சை விடும்போது முட்டிகளை வயிற்றுப் பக்கம் இழுங்கள். அதன்பின் உட்கார்ந்து, 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே என்று பன்னிரண்டு மூச்சு. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகாது. தியானம் என்று பெயர் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

வெளிமூச்சை நீட்டினால் மனம் ஏன் அமைதியாகிறது? நம்பிக்கையா, அறிவியலா? (கோவை, கல்லூரி மாணவி)

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கும் வேலையை வெளிமூச்சின்போது கூடுதலாகச் செய்கிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்கள். அதை ஆறு தடவைக்கு அருகில் கொண்டுவந்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினம் 5 நிமிடம், ஒரு மாதம். மூச்சைக் கவனிக்கும் தியானத்தையும் மூன்று வகை மூச்சுப் பயிற்சிகளையும் ஒப்பிட்டார்கள். எல்லாப் பிரிவினருக்குமே பலன் இருந்தது. ஆனால் இரண்டு முறை அடுத்தடுத்து உள்ளே இழுத்து, நீளமாகப் பெருமூச்சுபோல வெளியே விட்டவர்களுக்குத்தான் மனநிலை கூடுதலாக மேம்பட்டது. பெருமூச்சு விட்டால் பாட்டிகள் திட்டுவார்கள், இனி இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

திருமூலர் சொன்னபடி 16 இழுத்து, 64 அடக்கி, 32 விட்டுப் பார்த்தேன். தலை சுற்றிவிட்டது. (தஞ்சாவூர்)

சுற்றாமல் என்ன செய்யும், ஐயா? திருமந்திரத்தில் அந்தக் கணக்கு இருப்பது உண்மைதான். அந்த எண்கள் மாத்திரை என்ற பழைய கால அளவில் சொல்லப்பட்டவை; ஒரு மாத்திரையை ஒரு வினாடி என்று வைத்தால் ஒரே மூச்சுக்கு 112 வினாடி. குருவின் பக்கத்தில் நெடுநாள் பழகியவர்களுக்கான அளவு அது. மன அமைதிக்காக வருபவர்களுக்கு மூச்சை அடக்குவதே தேவையில்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே பதற்றம் உள்ளவர்கள் அடக்கினால் பதற்றம்தான் கூடும்.

பஸ்ஸில் கூட்டம் சேர்ந்தால் நெஞ்சு அடைக்கிறது, விரல் மரத்துப்போகிறது. ‘ஆழமாக மூச்சு இழு’ என்கிறார்கள். இழுத்தால் இன்னும் மோசமாகிறது. (தாம்பரம், இளைஞர்)

தம்பி, முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதயம், தைராய்டு, ரத்தசோகை எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனை.

அது பீதிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், இதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலைசுற்றல் அதனால்தான். விரல் மரப்பதற்கும் இந்தக் குறைவே காரணம். இன்னும் இழுத்தால் இன்னும் குறையும். அதனால் இழுப்பதை மறந்துவிடுங்கள். உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுங்கள், உள்ளே வருவது தானாகச் சிறிதாக வரட்டும். கண்ணை மூட வேண்டாம். கம்பியைப் பிடித்திருக்கும் கையை இறுக்கித் தளர்த்துங்கள், பாதம் தரையை அழுத்துவதைக் கவனியுங்கள். பஸ்ஸில் செய்யக்கூடிய அசைவு அவ்வளவுதான், அது போதும்.

இதை வீட்டில் நன்றாக இருக்கும்போதே தினமும் பழக வேண்டும். பீதி வந்தபின் முதல்முறையாக முயன்றால் பலிக்காது.

வயது 62. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். டிவி பார்த்துக் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்யலாமா?

வேண்டாம். கர்ப்பிணிகள், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே பதில்தான். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள், மூச்சை எங்கேயும் நிறுத்தாமல்.

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. வகுப்பில் சவாசனத்தில் (மல்லாந்து அசையாமல் ஓய்வெடுக்கும் ஆசனம்) படுத்தால் அழுகை வந்துவிடுகிறது, வெட்கமாக இருக்கிறது. (திருச்சி, ஆசிரியை)

வெட்கப்பட எதுவுமே இல்லை, அம்மா. நாள் முழுக்கப் பிள்ளைகள் முன்னால் நிற்கிறீர்கள், உடம்பு தளரும் ஒரே நேரம் அதுதான். அழுகை வந்து போகிறது என்றால் வரட்டும். ஆனால் அழுதபின் இன்னும் கனமாக இருக்கிறது, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், சவாசனத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். சுவரில் சாய்ந்து, கண் திறந்து உட்காருங்கள், இல்லை மெதுவாக நடங்கள். நடக்கும்போது அடிகளை மூச்சோடு எண்ணினால் அதுவும் தியானம்தான். ‘உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரட்டும்’ என்று ஆசிரியர் தூண்டினால் கேட்காதீர்கள். எனக்கு அந்தப் போக்கில் உடன்பாடில்லை.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்றால் யோகா வகுப்புக்கு வராதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யலாமா?

கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்தவர் முடிவு. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் என்று வேறு தொல்லைகள் வரலாம்.

நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வருகிறேன். தூக்கம் வரமாட்டேன் என்கிறது. (சோழிங்கநல்லூர், ஐடி)

அந்த நேரத்தில் சூரிய நமஸ்காரம் வேண்டாம், அது எழுப்பிவிடும். குளித்துவிட்டு ஜன்னல் திரையை மூடி, தரையில் படுத்துக் கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்து ஐந்து நிமிடம் இருங்கள். பிறகு வண்டுபோல ரீங்காரத்தோடு மூச்சை விடும் பிராமரி, பத்து முறை. ரீங்காரம் போடும்போது வெளிமூச்சு தானாகவே நீண்டுவிடும், எண்ணத் தேவையில்லை. போன் வேறு அறையில்.

ஓம் சொல்ல வேண்டுமா? நான் வேறு மதம்.

வேண்டியதில்லை. ‘ம்ம்’ போதும். உங்கள் பிரார்த்தனை வரி ஒன்றை வெளிமூச்சில் மனதுக்குள் சொன்னாலும் சரி.

காபி குடித்துவிட்டுச் செய்யலாமா?

தாராளமாக. அரை மணி நேரம் விட்டுச் செய்யுங்கள். ஆனால் காபியே படபடப்பைக் கூட்டுகிறதா என்று ஒரு வாரம் குறைத்துப் பாருங்கள். இட்லி, தோசை என்றால் இரண்டு மணி நேரமாவது, சாப்பாடு என்றால் மூன்று மணி நேரம்.