அஸ்பாரகஸ் ஃபெர்ன் ஏன் மஞ்சளா கொட்டுது?

கேள்வி: சார், நவம்பர்ல நர்சரியில அஸ்பாரகஸ் ஃபெர்ன் ஒரு தொட்டி வாங்கினேன், புசுபுசுன்னு பச்சைப்பசேல்னு இருந்துச்சு, மே மாசம் வந்ததும் மஞ்சளாகி ஊசி ஊசியா கொட்டுது. வெயிலாச்சேன்னு தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறேன். என் மாமியார் இது நம்மூர் தண்ணீர்விட்டான் தான், கிழங்கை எடுத்து லேகியம் கிண்டலாம்னு சொல்றாங்க, பண்ணலாமா?
- வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: லேகியம் வேண்டாம்மா, அதை முதல்ல சொல்லிடறேன். ஆனா உங்க மாமியார் கண்ணு கெட்டிக்காரக் கண்ணு, சொந்தம் நிஜம்தான். தண்ணீர்விட்டான், மார்க்கெட்ல கட்டு கட்டா விக்கற அஸ்பாரகஸ், உங்க தொட்டிச் செடி மூணும் ஒரே பேரினம். உங்களுது தென்னாப்பிரிக்கா பக்கத்துச் செடி, அழகுக்கு மட்டும்தான், சாப்பிடக் கூடாது. அதுல வர்ற சிவப்புப் பழம் வயித்துல போனா வாந்தி பேதி ஆகும், வீட்ல குழந்தையோ நாயோ பூனையோ இருந்தா பழத்தைக் கிள்ளிப் போட்டுடுங்க.

பேர்லதான் ஃபெர்ன், நிஜத்துல ஃபெர்னே இல்ல, ஃபெர்ன் பூக்காது, இது சின்னதா வெள்ளையா பூத்து பழுத்து விதை விடும். நீங்க இலைன்னு நினைக்கறதும் இலை இல்ல, மெலிஞ்சு போன தண்டு.

இப்ப கொட்டற விஷயத்துக்கு வருவோம். டெல்லி மே மாசத்து லூங்கற அனல் காத்தும் மத்தியான வெயிலும் நேரா பட்டா அந்த ஊசியெல்லாம் கருகிக் கொட்டத்தான் செய்யும், அதைப் பாத்து பயந்து தண்ணி தண்ணியா ஊத்தறோம் பாருங்க, அங்கதான் வேர் போகுது. இதோட வேர்ல குட்டிக் குட்டியா கிழங்கு இருக்கு, அதுல தண்ணியைச் சேத்து வெச்சுக்கும், அதனால ஒரு நாள் ரெண்டு நாள் காஞ்சாலும் தாங்கும், சொதசொதன்னு இருந்தா தாங்காது. நானும் ஒரு தொட்டியை இப்படி ஊத்தி ஊத்தியே அழுக விட்டவன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

தொட்டியை வெளிச்சம் இருக்கற ஆனா வெயில் படாத இடத்துக்கு இன்னிக்கே நகர்த்துங்க. விரலை ஒரு அங்குலம் மண்ணுல விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. மண்ணு நாத்தம் அடிச்சா தொட்டியைக் கவுத்து, பழுப்பா கொழகொழன்னு இருக்கற கிழங்கை வெட்டிட்டு, வெள்ளையா கெட்டியா இருக்கறதை புது மண்ணுல வையுங்க. மஞ்சளான தண்டை அடியோட வெட்டிடுங்க, அது திரும்பப் பச்சையாகாது, கிழங்கு நல்லா இருந்தா பக்கத்துலயே புதுத்தண்டு வரும். கைக்கு உறை போட்டுக்கோங்க, முள்ளு இருக்கு.