காரை இறக்கினால் டயர் ஏன் தேய்கிறது?

கேள்வி: என் ஸ்விஃப்ட்டுக்கு லோயரிங் ஸ்ப்ரிங் போட்டு உயரத்தை ஒன்றரை இன்ச் இறக்கினேன். இப்போது முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டன. டயர் மாற்றினால் போதுமா? – வாசகர், ஈரோடு

பதில்: போதாது, புது டயரும் அதே வழியில்தான் போகும். வண்டி இறங்கும்போது டை ராடு (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) நிற்கும் கோணம் மாறி, சக்கரம் நேராகப் பார்க்காமல் லேசாகத் திரும்பி நிற்கும், இதுதான் டோ. கூடவே சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும், அது நெகட்டிவ் கேம்பர். பலரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள், ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான், ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. டயரின் குறுக்கே கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ கோளாறு.

அலைன்மென்ட் கடையில் டை ராடு நட்டைத் தளர்த்தி டோவைச் சரிசெய்துவிடுவார்கள். கேம்பருக்கு உங்கள் வண்டியில் கம்பெனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் தனியாக வாங்கிப் போட வேண்டும். அப்புறம், ஷாக் அப்சார்பர் பழசுதானே? குட்டை ஸ்ப்ரிங்கோடு அது சீக்கிரம் போய்விடும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு ஒன்றரை இன்ச் கொஞ்சம் அதிகம்தான், பழைய ஸ்ப்ரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.